கூலன்ட் எப்படிக் குளிரூட்டி ஆனது?

மின்சார லாரி ஒன்றின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழில் படித்தேன். 'குளிரூட்டி குறைந்தால் குளிரூட்டி சரியாக இயங்காது. குளிரூட்டியைச் சோதிக்கவும்' என்று ஒரு வரி. ஆங்கில மூலத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் விளங்கியது: முதலாவது ரெஃப்ரிஜிரன்ட் (ஏசிக்குள் ஓடும் கேஸ்), இரண்டாவது ஏசி, மூன்றாவது கூலன்ட். இதே குளறுபடியை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

சொல்லின் கதை சின்னதுதான். 'கூல்' ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது, 'கோல்டு' அதற்கு உறவு. 'அன்ட்' என்ற வால் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. லாரியில் கூலன்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்த நீர்மம். பம்ப் தள்ள, பேட்டரியையும் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கடைசிவரை நீர்மமாகவே இருக்கும். ரெஃப்ரிஜிரன்ட் அப்படியல்ல. கொதித்து ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆர்-134ஏ என்ற ரெஃப்ரிஜிரன்ட் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவது சில்லரில், அதாவது கூலன்ட்டின் சூட்டை ரெஃப்ரிஜிரன்ட்டுக்குக் கைமாற்றும் கருவியில். மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது. கலப்பதில்லை.

பழுது தேடுகிறவர் முதலில் பார்ப்பதே இந்த இடத்தைத்தான். கூலன்ட் நன்றாக ஓடுகிறது, ஆனால் சில்லருக்குள் போகும்போது இருந்த சூடு வெளியே வரும்போதும் அப்படியே இருக்கிறது என்றால், சந்தேகம் ரெஃப்ரிஜிரன்ட் பக்கம் திரும்பும்: கசிவு, கம்ப்ரசர், அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வு. கூலன்ட்டே ஓடவில்லை என்றால் பம்ப், வால்வு, குழாயில் சிக்கிய காற்று. 'குளிரூட்டி ஓட்டத்தைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தால் அவர் எந்தப் பக்கம் போவார்? கூலன்ட்டைத் தொட்டியில் உள்ள அளவுக் கோட்டைப் பார்த்து ஊற்றிவிடலாம். ரெஃப்ரிஜிரன்ட்டுக்கு அதை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் மீட்பு இயந்திரம் வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால், அதில் போடும் எண்ணெய்கூட மின்சாரம் கடத்தாத வகையாக இருக்க வேண்டும். இத்தனை வேறுபாட்டையும் ஒரே சொல்லில் அமுக்கினால் எப்படி?

'ஊட்டி' என்பதே எனக்கு உறுத்துகிறது. ஊட்டுவது என்றால் உள்ளே செலுத்துவது. கூலன்ட் குளிரை எதற்குள்ளும் செலுத்துவதில்லை, சூட்டை வெளியே எடுத்துப்போகிறது. குளிர்காலத்தில் இன்னும் வேடிக்கை. பேட்டரியை வெதுவெதுப்பாக்க இதே கூலன்ட்டைத்தான் சூடேற்றி ஓட்டுகிறார்கள். அதைக் கையேடு 'குளிரூட்டி சூடேற்றி' என்கிறது! ஆங்கிலத்திலும் 'கூலன்ட் ஹீட்டர்' என்று இந்தக் கோணல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே குழம்ப ஏசி குறுக்கே வருவதில்லை. தமிழில் குளிரூட்டி என்றதும் முதலில் நினைவுக்கு வருவதே ஏசிதான்.

அப்புறம் எதைச் சொல்வது? 'வெப்பமேந்தி' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ரெஃப்ரிஜிரன்ட்டும் வெப்பத்தைத்தானே ஏந்துகிறது, பழைய குழப்பம் வேறு வாசல் வழியாக வந்துவிடும். 'குளிர்விப்பான்' கருவியின் பெயர் மாதிரி ஒலிக்கிறது, ரேடியேட்டரையும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. கூலன்ட்டுக்கு 'தணிப்பு நீர்மம்' போதும் என்பது என் கட்சி. சூடு தணிவது நாம் தினமும் சொல்வதுதான். நீர்மம் என்று சேர்த்துவிட்டால் அது ஆவியாகாத சங்கதி என்பதும் தெரிந்துவிடும். ரெஃப்ரிஜிரன்ட்டுக்குக் 'குளிர்பதனி' இருக்கட்டும். நீளமாக இருக்கிறது என்பவர்கள் கூலன்ட் என்றே எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை.

பட்டறையில் கூலன்ட், (ரெஃப்ரிஜிரன்ட்டுக்கு) கேஸ் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். கேஸ் என்பது பாதி வழி நீர்மமாகத்தான் ஓடுகிறது, பெயர் முழுச் சரியில்லைதான். ஆனாலும் எது எதுவென்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இப்படிப் பிரித்து வைத்திருந்ததை ஒன்றாக்கியது, லாரியின் பானட்டைத் திறந்தே பார்க்காமல் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிய மொழிபெயர்ப்பாளர். நான் அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'குளிர்பதனி குறைந்தால் ஏசி சரியாக இயங்காது, தணிப்பு நீர்மத்தையும் சோதிக்கவும்.' திரும்பி வந்த படியில் மூன்று இடத்திலும் குளிரூட்டி.