முதலில் பேசுவது யார்?

வேலை மாறி கோவைக்கு வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அலுவலகம், அறை, மறுபடி அலுவலகம். எதிர் வீட்டுக்காரரிடமோ ஜிம்மில் தினமும் பார்க்கிறவரிடமோ நானாகப் போய்ப் பேசலாம் என்று தோன்றும். அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று விட்டுவிடுவேன். இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டா, இல்லை என் சுபாவமே இப்படியா?”

விளக்கம் உண்டு. சுபாவத்துக்கு அதில் பங்கு குறைவு.

முதலில் தனிமை ஏன் உறுத்துகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கூட்டமாக வாழ்ந்து பிழைத்த இனம் நாம். அதனால் ஆள் துணை இல்லாமல் போனால் மூளை அதைக் கிட்டத்தட்டப் பசி மாதிரியே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவா, ரெபேக்கா சாக்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு நாள் 10 மணி நேரம் ஜன்னல் இல்லாத அறையில் தனியாக, போன் இல்லாமல் இருக்க வேண்டும். உதவியாளர் முகம்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, ஸ்கேன் இயந்திரத்துக்குள் தாங்களே போய்ப் படுக்க முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள். இன்னொரு நாள் 10 மணி நேரம் பட்டினி. பட்டினி நாளில் சாப்பாட்டுப் படத்தைப் பார்த்ததும் நடுமூளையில், ஆசையைத் தூண்டுகிற ரசாயனமான டோபமைன் சுரக்கிற பகுதி விழித்துக்கொண்டது. தனிமை நாளில் மனிதர்கள் கூடிப் பேசும் படத்துக்கு அதே பகுதி அதே போல விழித்தது.

சரி, பசித்தவன் கை தானாகத் தட்டுக்குப் போகிறதே, தனிமையில் இருப்பவன் மட்டும் ஏன் பின்வாங்குகிறான்?

இதற்குப் பதில் சொல்கிற ஆய்வு சிகாகோவின் புறநகர் ரயிலில் நடந்தது. உளவியல் ஆய்வாளர்கள் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் அதை 2014இல் வெளியிட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பிய பயணிகளை ரயில் நிலையத்தில் பிடித்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும். இன்னொரு குழு யாரிடமும் பேசாமல் தனியாக இருக்க வேண்டும். மூன்றாவது குழு வழக்கம்போலப் பயணம் செய்யலாம். இறங்கிய பிறகு படிவத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். இவர்களைத் தவிர வேறு சில பயணிகளிடம், “உங்களை இப்படிச் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்?” என்று கற்பனை செய்து பார்க்கவும் சொன்னார்கள்.

கற்பனை செய்தவர்கள், பேசிக்கொண்டு போவதுதான் மூன்றிலும் மோசமாக இருக்கும் என்றார்கள். நிஜமாகவே பேசிப் பார்த்தவர்களுக்கோ அதுதான் மூன்றிலும் இனிய பயணமாக இருந்தது. கூச்ச சுபாவிகள், கலகலப்பானவர்கள் என்று பெரிய வித்தியாசமும் இல்லை. முன்பின் தெரியாதவரோடு பேசாததற்குப் பேர்போன லண்டன் ரயிலில் பிறகு செய்து பார்த்தபோதும் இதே கதைதான்.

இதில் எனக்கு ஆச்சரியம் தருவது கணிப்பு தவறியது அல்ல. மூளை எத்தனையோ கணிப்புகளில் தவறுகிறது, அடுத்த முறை திருத்திக்கொள்கிறது. தினமும் ரயில் ஏறுகிற ஆளுக்கு இந்த ஒரு கணிப்பு மட்டும் வருடக்கணக்கில் திருந்தாமல் இருப்பது எப்படி? காரணம் இதுதான்: கணிப்பு சரியா என்று பார்க்க வேண்டுமானால் பேசிப் பார்க்க வேண்டும். ஆனால் பேசவேண்டாம் என்று தடுப்பதே அந்தக் கணிப்புதான். தன்னைச் சோதிக்கிற வாய்ப்பைத் தானே மூடிவிடுகிறது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. உங்களுக்குப் பேச ஆசை இருக்கிறது, தயக்கத்தால் சும்மா இருக்கிறீர்கள். எதிரே இருப்பவரும் சும்மாதான் இருக்கிறார். உங்கள் மௌனத்துக்குக் காரணம் தயக்கம் என்று உங்களுக்குத் தெரியும், அவருடைய மௌனத்துக்குக் காரணம் விருப்பமின்மை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். அவரும் உங்களைப் பற்றி அதே முடிவுக்கு வருகிறார். சிகாகோ பயணிகளிடம் கேட்டபோது, தங்களைவிட மற்றவர்களுக்குப் பேச ஆர்வம் குறைவு என்றே நம்பினார்கள். எல்லோரும் அப்படி நம்பினால் கணக்கு உதைக்கிறது, இல்லையா? ஒரு பெட்டி முழுக்கப் பேச ஆசைப்படுகிறவர்களாக இருந்தும் பெட்டி அமைதியாகவே போகும். அந்த அமைதியே ‘யாருக்கும் பேச விருப்பமில்லை’ என்பதற்குச் சாட்சியாகிவிடும். சமூக உளவியலில் இதைப் பன்மை அறியாமை என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் மொத்தக் கூட்டமும் தப்பான முடிவில் நிற்கிறது.

பேசிய பிறகும் ஒரு கோளாறு உண்டு. எரிக்கா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் முதலானோர் 2018இல் காட்டியது: புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரில் ஒவ்வொருவரும், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். யேல் பல்கலைக்கழக விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம்கூட இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. ‘அந்த ஜோக் எடுபடலையே, அதிகமாகப் பேசிட்டோமோ’ என்று உள்ளே ஓடுகிற விமர்சனம் நமக்கு மட்டும்தான் கேட்கிறது. மற்றவர் அவருடைய சொந்த விமர்சனத்தைக் கேட்பதில் மும்முரமாக இருக்கிறார்.

வாசகரின் கேள்விக்கு இதுவே பதில். “எனக்கு யாரும் ஒட்டாத ராசி”, “ஏழரைச் சனி முடிந்தால் நல்ல கூட்டு அமையும்” என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். சனி விலகும்வரை காத்திருந்தால் சோதித்துப் பார்க்காத கணிப்புக்கு இன்னும் ஏழு வருடம் ஆயுள் கூடும், அவ்வளவுதான்.

சிகாகோ முடிவை அப்படியே நம் ஊருக்கு ஒட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ரயிலில் பேச்சு சுலபமாகவே தொடங்கிவிடும். ஆனால் “எந்த ஊரு?” என்பது “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று நகரும்போது, கேட்பது ஊரை அல்ல என்று இருவருக்கும் தெரியும். தனியாகப் போகிற பெண்ணுக்கு, பக்கத்து இருக்கை ஆணின் பேச்சு வேறு கணக்கு. அந்தத் தயக்கம் பிழையான கணிப்பு அல்ல, பட்ட அனுபவம். இதையெல்லாம் அளந்து பார்க்கக் கோடிகள் தேவையில்லை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் படிவத்தோடு நிற்க நாலு முதுகலை மாணவர்கள் போதும். பெரிய இயந்திரம் வாங்குகிற திட்டம்தான் ஆராய்ச்சி என்ற நினைப்பு நிதி தருகிறவர்களிடம் மாறாத வரை, நாம் சிகாகோவையே மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம்.

கணிப்பைத் திருத்த முடியுமா? முடியும். சாண்ட்ஸ்ட்ராம் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் புதையல் வேட்டை மாதிரியான விளையாட்டுச் செயலி சொல்கிற ஆட்களைத் தேடிப்பிடித்து ஒரு வாரம் தினமும் பேசினார்கள். இன்னொரு குழு அப்படிப்பட்டவர்களைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. பேசியவர்களுக்கு நாள் போகப்போக, ‘முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ’ என்ற பயம் குறைந்தது. ஒரே ஒரு முறை பேசினால் ‘இவர் நல்லவராக அமைந்துவிட்டார்’ என்று மூளை அதை விதிவிலக்காக ஒதுக்கிவிடும். திரும்பத் திரும்பப் பேசும்போதுதான் விதியே மாறுகிறது.

அதற்கப்புறம் தேவைப்படுவது நேரம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புது மாணவர்களையும் வைத்து 2018இல் போட்ட கணக்குப்படி, தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறுதோறும் 2 மணி நேரம் பேட்மின்டன் ஆடினால் முதல் கட்டத்துக்கே அரை வருடம். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் கழிகிற மணி நேரங்களுக்கு இதில் மதிப்பு குறைவு என்றும் ஹால் கண்டார். அதே சக ஊழியரை மாலையில் “வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டு வரலாம்” என்று கூப்பிட்டுப் போகிற இருபது நிமிடம் கணக்கில் ஏறும்.