செல்போனைப் பூட்டிவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் மருத்துவமனைக்கு இந்த மாதமும் வலிப்பு வந்த ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "செல்போன் வெளிச்சத்தால்தான் வலிப்பு வருகிறது என்றார்கள், அதைப் பீரோவில் பூட்டிவிட்டோம் டாக்டர், பிறகு மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டோம்" என்றார் அப்பா. ரப்பர் பால் வெட்டுபவர். கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் இதையே இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

வலிப்பு நோயாளிகள் 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டுகிறது. வளரிளம் பருவத்தில், அதிலும் பெண்களிடம், சற்று அதிகம். உங்கள் பிள்ளை அந்த மூவரில் ஒருவரா என்பதை, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது விளக்கை மின்னவைத்துப் பார்த்து நாங்கள் சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம். அப்படியே இருந்தாலும், செல்போன் தூண்டுகிறது, அவ்வளவுதான். நோய் மூளையில் அப்படியே இருக்கிறது. மார்த்தாண்டம் பஸ்ஸில் போகும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டுக் கண்ணில் அடிக்குமே, அதை எந்தப் பீரோவில் பூட்டுவீர்கள்? திருவிழா மேடை விளக்கை?

1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னி, 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வேகம்தான் ஆபத்து. பாடம் படிக்கும் திரையைக் கண்டு நடுங்க வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செல்போன் செய்யும் கெடுதல் வேறு. இரவு இரண்டு மணி வரை விழிக்க வைக்கிறது. தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும். மறுநாள் காலையில் கை வெடுக்கென்று துள்ளி டம்ளர் விழுந்தால் "கவனம் எங்கே" என்று திட்டுகிறீர்கள். அதுவும் வலிப்பாக இருக்கலாம், எங்களிடம் சொல்லுங்கள்.

ஒளியால் வலிப்பு வருகிறவர்கள் இருட்டறையில் திரை பார்க்கக் கூடாது. டிவியை விட்டுத் தள்ளி உட்காருங்கள். தானாக ஓடும் வீடியோக்களை நிறுத்திவையுங்கள். திரை மின்னத் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். கண்களை வெறுமனே மூடினால் போதாது, இமை வழியாக ஒளி சிவப்பாக உள்ளே போகும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியும் வேண்டாம், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவமனையில் காட்டுகிறவர்கள் அந்தச் சீட்டையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். இரண்டு இடத்து மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை வாங்கப் பணம் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையில் கிடைப்பதாகப் பார்த்து எழுதித் தருகிறேன்.