வடிவது வேறு, பிழிவது வேறு, உலர்வது வேறு

ஒரு ஸ்பாஞ்சை நீரில் நன்றாக ஊறவைத்து, படுத்தவாக்கில் கம்பி வலைமேல் வையுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். சரி, இப்போது அதையே நீளவாக்கில் நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். நாம் துளிகூடப் பிழியவில்லை, உள்ளே தொங்கும் நீரின் உயரம்தான் கூடியிருக்கிறது.

மண்ணிலும் இதே கணக்குதான். துகள்களுக்கு நடுவே இருக்கும் நுண்துளைகள் பரப்பு இழுவிசையால் நீரைப் பிடித்துவைத்திருக்கின்றன, துளை சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தாங்கும், 0.03 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1 மீட்டர். கனமழை பெய்து இரண்டு மூன்று நாளில் தானாக வடிய வேண்டியது வடிந்துவிடும். மிச்சத்தைப் புவியீர்ப்பால் எடுக்க முடியாது, வேர்தான் உறிஞ்ச வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: மண்ணின் பிடி சுமார் 15 வளிமண்டல அழுத்தத்தைத் தொட்டால் பெரும்பாலான பயிர்கள் வாடிவிடும்.

துளையிட்ட வடிகால் குழாயைப் புதைத்தால் அது சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. நுண்துளையில் இறுகப் பிடிபட்ட நீர் குழாயின் பெரிய வெற்றிடத்துக்குள் குதிக்கவே குதிக்காது, நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு மேலே ஏறி அங்கே மண் முழுக்க நிறைந்தால்தான் உள்ளே வரும். ஆக, குழாயின் வேலை மண்ணை உலர்த்துவது இல்லை, நீர்மட்டத்தைக் கீழே இறக்குவது. தொட்டியின் அடியில் சரளை போடுவது செடிக்கு உதவாததற்கும் இதுதான் காரணம். மண்ணின் அடிப்பகுதி தெப்பமாக நனையும்வரை நீர் சரளைக்குள் இறங்காது, அதனால் அந்த நனைந்த பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. சரளையை விட்டுவிடுங்கள்.

களிமண்ணை வடியவிட்டுக் காத்திருப்பது வீண், பாரம் ஏற்றிப் பிழியத்தான் வேண்டும். அதிலும் நீர் கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பானால் பிடிக்கும் நேரம் நான்கு மடங்காகும்; இந்தக் கணக்கை 1925-ல் மண் பொறியியலாளர் கார்ல் டெர்சாகி தெளிவாக்கினார். அதனால்தான் இளகிய களிநிலத்தில் கட்டடம் எழுப்புமுன் நெருக்கமாகச் செங்குத்து வடிகால்களை இறக்கி, மேலே மண்மேடு குவிக்கிறார்கள். தூரம் குறைய, ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காகிறது.

காகித ஆலையில் மூன்று வேலையும் வரிசையாக நடக்கின்றன. கூழில் சுமார் 99 சதவீதம் நீர்தான். முதலில் வலைமேல் ஓடவிட்டு வடிக்கிறார்கள், அடுத்து உருளைகளுக்கிடையே அழுத்திப் பிழிகிறார்கள், கடைசியில்தான் சூடு. ஏனென்றால் 1 கிலோ நீரை ஆவியாக்க மட்டும் 2,260 கிலோஜூல் வேண்டும், அழுத்திப் பிழிய அதில் சிறு பங்கு போதும். அந்தச் சூட்டிலும் கடைசிச் சொட்டுவரை விரட்டுவதில்லை, சுமார் 5 சதவீத ஈரத்தை விட்டுவைக்கிறார்கள். அதுவும் போய்விட்டால் தாள் மடித்த இடத்திலேயே முறியும்.