டெட்டரன்ஸ்: ‘தடுப்பு’ என்றால் போதுமா?

பாதுகாப்பு, பன்னாட்டு அரசியல் பற்றி வல்லுநர்கள் பேசும் எந்த உரையாடலிலும் ‘டெட்டரன்ஸ்’ என்ற சொல் பலமுறை வந்துபோகும். அதே பேச்சு தமிழில் செய்தியாகும்போது ஓரிடத்தில் ‘தடுப்பு’ என்று இருக்கும், இன்னோரிடத்தில் ‘தடுப்பாற்றல்’ என்று இருக்கும். சில நாள் ‘தற்காப்பு’, சில நாள் ‘அச்சுறுத்தல்’. இதை வெறும் நடை வேறுபாடு என்று விட்டுவிட முடியாது. நான்கும் நான்கு வேறு செயல்கள். ஒரு நாடு அணு ஆயுதம் வைத்திருப்பது ஏன் என்ற கேள்விக்கான விடையே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதைத் தவறாகப் பெயர்த்தால் வாசகருக்கு அந்த விடை போய்ச் சேராது.

முதலில் பொருளைப் பார்ப்போம். எதிரி நம்மைத் தாக்க நினைக்கிறான். தாக்கும் வலிமையும் அவனிடம் இருக்கிறது. ஆனால் தாக்கினால் வருவதைவிடப் போவது அதிகம் என்று அவனே கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அவனை அப்படிக் கணக்குப் போட வைப்பதற்குப் பெயர்தான் டெட்டரன்ஸ். கடைசி முடிவு எதிரியின் கையில் இருக்கிறது என்பதே இதன் உயிர்நாடி. தற்காப்பு என்பது அடி விழத் தொடங்கிய பிறகு நாம் செய்வது. டெட்டரன்ஸ் முழுக்க அடி விழுவதற்கு முந்தைய நேரத்துக்கு உரியது. நடக்கும் இடமும் எல்லைக்கோடு அல்ல, எதிர்த்தரப்புத் தலைமையின் மனம். அதனால்தான் இதன் வெற்றியை நிறுவுவது அவ்வளவு கடினம். போர் வரவில்லை என்றால், நம் படையைக் கண்டு வரவில்லையா, அல்லது எதிரிக்கு அந்த எண்ணமே இல்லையா என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. தோற்றால் மட்டும் உலகத்துக்கே தெரியும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டெட்டெரேரே’ என்ற வினையில் ‘டெ’ என்பது விலகல், ‘டெரேரே’ என்பது அச்சுறுத்தல். அச்சுறுத்தி விலகச் செய்தல் என்று சேர்த்துப் பொருள் கொள்ளலாம். ‘டெரர்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலத்தில் இந்த வினை 16ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்போது அதற்கும் படைக்கும் தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை.

அந்தக் கருத்து முதலில் வேரூன்றி வளர்ந்தது குற்றவியலில். இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764இல் குற்றமும் தண்டனையும் பற்றி எழுதியபோது ஒன்றை அழுத்திச் சொன்னார்: குற்றம் செய்ய நினைப்பவனை நிறுத்துவதில் தண்டனையின் கொடுமையைவிட, அது தவறாமல் வந்து சேரும் என்ற உறுதிக்கே வலிமை அதிகம். தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை எவ்வளவு கொடிய தண்டனையும் தொலைவில் கேட்கும் இடி மட்டும்தான். பின்னால் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமும் இதே வழியில் போனார். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இருநூறு ஆண்டு கழித்து அணு ஆயுத வல்லுநர்கள் எதற்காக மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்பது எளிதில் புரியும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த பிறகு சொல் படைத்துறைக்குள் வந்து குடியேறியது. அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பிரோடி 1946இலேயே முன்வைத்த வாதம் இது: அதுவரை படைகளின் தலையாய வேலை போர்களில் வெல்வது, இனிமேல் போர்களை வரவிடாமல் செய்வது. படைத் தலைமைக்கு இது லேசான மாற்றம் அல்ல. பயன்படுத்தினால் தோல்வி, பயன்படுத்தாமல் வைத்திருந்தால் வெற்றி என்ற கருவியோடு ஒரு தளபதி வாழ்நாள் முழுவதும் பயிற்சி செய்ய வேண்டும். 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்ததும் இந்த நிலை இரு தரப்புக்கும் பொதுவானது.

1961இல் கிளென் ஸ்னைடர் என்ற அறிஞர் டெட்டரன்ஸை இரண்டாகப் பிரித்தார். இன்றுவரை வல்லுநர்களின் பேச்சு இந்தப் பிரிவின் மேல்தான் நடக்கிறது. ஒன்று தண்டனை வழி: ‘நீ தாக்கினால் உன் நகரங்கள் மிஞ்சாது.’ மற்றொன்று மறுப்பு வழி: ‘நீ தாக்கிப் பார், நினைத்தது கிடைக்காது.’ முதலாவது எதிரியின் அச்சத்தின்மேல் வேலை செய்கிறது. இரண்டாவது அவனுடைய நம்பிக்கையை உடைக்கிறது. வலுவான வான்காப்பு, கண்ணிவெடி விதைத்த கடற்கரை, சுரங்கம் குடைந்த மலை எல்லாம் இந்த இரண்டாம் வகை.

இந்த இரண்டாம் வகையைத் தமிழ் எப்போதோ பேசிவிட்டது. குறளின் ‘அரண்’ அதிகாரத்தில் 744ஆம் குறள்:

சிறுகாப்பின் பேரிடத்த தாகி உறுபகை
ஊக்கம் அழிப்ப தரண்.

காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருந்து, வந்து சேர்ந்த பகைவரின் ஊக்கத்தை அழிப்பதே அரண் என்கிறது. பகைவரை அழிப்பது என்று சொல்லவில்லை, ஊக்கத்தை அழிப்பது என்று சொல்கிறது. கோட்டையின் உண்மையான இலக்கு சுவருக்கு வெளியே நிற்பவனின் மன எழுச்சிதான் என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் சொன்ன வரி எனக்குத் தெரிந்து இல்லை. ‘படைமாட்சி’யில் வரும் 768ஆம் குறளும் இங்கே சேர்த்துப் படிக்கத் தக்கது. ‘அடல்தகையும் ஆற்றலும் இல்லெனினும் தானை படைத்தகையால் பாடு பெறும்’ என்கிறது அது. தாக்கும் திறனும் தாங்கும் ஆற்றலும் இல்லாவிட்டாலும், அணிவகுத்து நிற்கும் தோற்றத்தாலேயே ஒரு படை பெருமை பெறும். தலைநகரங்களில் ஏவுகணைகளை வண்டியில் ஏற்றி அணிவகுத்துக் காட்டுவதெல்லாம் இந்தப் ‘படைத்தகை’ சார்ந்ததே. எதிரியின் கண்ணில் படாத வலிமை அவன் கணக்கிலும் ஏறாது.

ஆனால் கண்ணில் பட்டால் மட்டும் போதுமா? நம்ப வேண்டுமே. பெக்காரியாவின் கேள்வி இங்கே திரும்பி வருகிறது. 1954 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஆக்கிரமிப்புக்குப் பேரளவில் பதிலடி கொடுக்கும் கொள்கையை நியூயார்க் உரையில் முன்வைத்தார். உடனே எழுந்த ஐயம்: எங்கோ ஒரு சிறு எல்லைச் சண்டைக்காக வாஷிங்டன் அணுப்போரையே தொடங்குமா? எதிரி இதை நம்பாவிட்டால் ஆயிரம் குண்டு இருந்தும் பயனில்லை. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, அமெரிக்கா தலைமையிலான படைக்கூட்டணியான நேட்டோ 1967இல் படிப்படியான, நெகிழ்வான பதிலடி என்ற கொள்கைக்கு மாறியதற்கு இந்த ஐயமே பெரிய காரணம்.

அந்தக் காலத்து மேற்கு பெர்லினில் இருந்த நேச நாட்டுப் படையையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாற்புறமும் சூழப்பட்ட நகரத்தில் சில ஆயிரம் வீரர்கள். சோவியத் படை திரண்டு வந்தால் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் அங்கே சாவார்கள், செத்தால் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் சும்மா இருக்க முடியாது, இதை மாஸ்கோ அறியும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இந்தக் கொடிய தர்க்கத்தை மறைக்காமல் எழுதினார். 2016 வார்சா மாநாட்டில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகிய நாடுகளில் பன்னாட்டுப் படைக்குழுக்களை நிறுத்த நேட்டோ முடிவெடுத்ததன் அடியிலும் இதே தர்க்கம் இருக்கிறது.

நம்பவைப்பது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு பிரிட்டனின் கடித வழக்கத்தைப் பார்க்கலாம். 1969 முதல் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கி ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் இருக்கும்படி பிரிட்டன் பார்த்துக்கொள்கிறது. புதிய பிரதமர் பதவியேற்றதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, நான்கு நீர்மூழ்கிகளின் தளபதிகளுக்கும் தம் கைப்பட ஆளுக்கொரு கடிதம் எழுதுவது. நாடே அழிந்து, அரசில் உத்தரவிட யாருமே மிஞ்சாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். கடிதம் நீர்மூழ்கிக்குள் இரும்புப் பெட்டகத்தில் பூட்டப்படும். பிரதமர் மாறினால் பிரிக்காமலேயே அழித்துவிடுவார்கள். பதிலடி கொடு என்று எழுதியிருக்கிறாரா, கொடுக்காதே என்று எழுதியிருக்கிறாரா, தளபதியின் முடிவுக்கே விட்டுவிட்டாரா, யாருக்கும் தெரியாது. எதிரிக்கும் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியம். லண்டனை ஒரே அடியில் வீழ்த்திவிட்டால் பதிலடி வராது என்று எவனும் துணிந்து சொல்ல முடியாதபடி அந்தப் பிரிக்காத உறை செய்துவிடுகிறது.

அதே பிரிட்டன்தான் 1982இல் அடி வாங்கியது. அணு ஆயுதம் இல்லாத அர்ஜென்டினா ஏப்ரல் 2ஆம் தேதி பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் படையை இறக்கியது. தொலைதூரத் தீவுகளுக்காக பிரிட்டன் அணுகுண்டு போடும் என்று புவெனஸ் ஐரஸில் யாரும் நினைக்கவில்லை. போதாததற்கு, அந்தக் கடற்பகுதியில் இருந்த ‘எண்டூரன்ஸ்’ என்ற ரோந்துக் கப்பலைத் திரும்பப் பெறப் போவதாக 1981இல் லண்டனே அறிவித்திருந்தது. பெரிய ஆயுதம் கையில் இருந்தும், ஒரு சிறிய கப்பல் பற்றிய அறிவிப்பு தவறான செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஷெல்லிங் 1966இல் ‘கம்பெல்லன்ஸ்’ என்ற இணைச்சொல்லை உருவாக்கினார். செய்யாதே என்று நிறுத்துவது டெட்டரன்ஸ். செய்துகொண்டிருப்பதை நிறுத்து, பிடித்த இடத்தை விட்டுப் போ என்று பணியவைப்பது கம்பெல்லன்ஸ். இதற்குத் தமிழில் ‘பணியவைத்தல்’ என்பதே போதும், வேறு தேட வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பினால் செய்திகளே தலைகீழாகிவிடும். நாலு நாள் கெடு வைத்து மிரட்டும் அரசைப் பற்றி ‘தடுப்பு நடவடிக்கை’ என்று எழுதினால் அது பிழை.

மற்ற மொழிகள் இந்தச் சொல்லை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் ஒவ்வொரு நாட்டின் மனமும் தெரிகிறது. ஜெர்மானியர் ‘அப்ஷ்ரெக்குங்’ என்கிறார்கள், மிரட்டி விலக்குதல். பிரெஞ்சுக்காரர் அச்சத்தையே விட்டுவிட்டு ‘டிஸ்ஸுவாஸியோன்’ என்கிறார்கள், வேண்டாம் என்று மனம் மாற்றுதல். ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. சோவியத் காலத்து எழுத்துகளில் அமெரிக்கா செய்வது ‘உஸ்த்ரஷேனியே’, அதாவது பயமுறுத்தல். தாங்கள் செய்வது ‘ஸ்தெர்ஷிவானியே’, அதாவது கட்டுப்படுத்தி வைத்தல். சீனத்தின் ‘வெய்ஷ’ என்ற சொல்லில் நிறுத்துவதோடு பணியவைப்பதும் அடங்கிவிடுகிறது. இரு நாட்டுத் தளபதிகள் ஒரே மேசையில் அமர்ந்து இந்தச் சொல்லைப் பேசும்போது, மொழிபெயர்ப்பாளர் உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி நம் சொல். ‘தடுப்பு’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது: தடுப்பூசி, தடுப்பணை, தடுப்புக்காவல், ஏவுகணைத் தடுப்பு. எல்லாவற்றிலும் தடுப்பது நாம், தடுக்கப்படுவது பொருள் அல்லது உடல். எதிரியின் முடிவுக்கு அங்கே இடமே இல்லை. ஏவுகணைத் தடுப்பு என்றால் வரும் ஏவுகணையை வானில் உடைப்பது. அணு ஆயுதத் தடுப்பு என்று எழுதினால் அணு ஆயுதமே வராமல் தடுப்பது, அதாவது பரவல் தடை என்றுதான் பலர் படிப்பார்கள். நேர் எதிரான பொருள். ‘தடுப்பாற்றல்’ நோயெதிர்ப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘தடை’ என்றால் பொருளாதாரத் தடை. சிலர் ‘அச்சத்தடுப்பு’ என்று சுருக்குகிறார்கள். நோய்த்தடுப்பு நோயைத் தடுப்பது என்றால், அச்சத்தடுப்பு அச்சத்தைத் தடுப்பது ஆகிவிடாதா?

‘அச்சுறுத்தித் தடுத்தல்’ இவற்றைவிட எவ்வளவோ மேல். வினையெச்சம் இருப்பதால் குழப்பம் வராது, லத்தீன் வேருக்கும் நெருக்கம், படித்தவுடன் புரியும். தண்டனை வழிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மறுப்பு வழிக்குத்தான் இடிக்கிறது. உயர்ந்த அரணைக் கண்டு திரும்பிப் போகிறவனை யாரும் அச்சுறுத்தவில்லை.

இரண்டு வழிகளையும் ஒருசேரத் தாங்க ‘துணிவகற்றல்’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். துணிவு என்றால் தமிழில் தைரியம் மட்டும் அல்ல, முடிவும்தான். ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் உள்ள துணிதல் ஆராய்ந்து முடிவெடுப்பது. எதிரியின் துணிவை அகற்றுவது என்றால் அவன் தைரியமும் போகிறது, தாக்கும் முடிவும் போகிறது. அச்சத்தால் போனாலும் சரி, வெல்ல முடியாது என்று தெளிந்து போனாலும் சரி. வினையாகவும் பெயராகவும் வளைந்து கொடுக்கிறது: துணிவகற்றும் படை, துணிவகற்றும் ஆற்றல், தண்டனைவழித் துணிவகற்றல், மறுப்புவழித் துணிவகற்றல். கூட்டாளி நாட்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் குடை விரிப்பதை நீட்டித்த துணிவகற்றல் எனலாம். புதுச் சொல் என்பதால் முதல் முறை எழுதும்போது ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு, 2003 ஜனவரி 4ஆம் தேதி இந்திய அரசு தன் அணுக் கொள்கையின் சாரத்தை வெளியிட்டது. முதலில் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தப்பட்டால் பதிலடி பேரளவில் இருக்கும், அதற்கு உத்தரவிடும் உரிமை பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே உண்டு. 2018 நவம்பரில் இந்தியாவின் அணு ஏவுகணை தாங்கிய அரிஹந்த் நீர்மூழ்கி தன் முதல் ரோந்தை முடித்தது இந்தக் கொள்கையின் தொடர்ச்சிதான். கொள்கையின் நடுவில் நிற்கும் தொடரைத் தமிழில் பெரும்பாலும் ‘நம்பகமான குறைந்தபட்சத் தடுப்பு’ என்று எழுதுகிறோம். யார் நம்ப வேண்டும், எதற்குக் குறைந்தபட்சம், எதைத் தடுப்பது என்று எதுவும் அதில் விளங்கவில்லை. ‘எதிரி நம்பத்தக்க, தேவைக்கு மிகாத துணிவகற்றும் ஆற்றல்’ என்று எழுதினால் மூன்றும் விளங்குகின்றன.