டிரை: முயற்சியா, ஊன்றலா?

ரக்பியில் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ஒரு 'டிரை'. ஐந்து புள்ளி. அகராதியைப் புரட்டினால் 'முயற்சி' என்று இருக்கும். சரி, "ஸ்காட்லாந்து இரண்டு முயற்சி செய்தது" என்று எழுதிப் பாருங்கள். பாவம், இரண்டு தடவையும் கோட்டைவிட்டார்கள் போல என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இந்தப் பெயரைப் புரிந்துகொள்ள 1871 மார்ச் 27க்குப் போக வேண்டும். எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேச ரக்பி ஆட்டம். அணிக்கு 20 பேர், பாதிக்கு 50 நிமிடம். இரண்டாம் பாதியில் ஸ்காட்லாந்து ஆட்கள் ஸ்கிரம்மில், அதாவது இரு அணியும் கூட்டமாகக் கோத்து நின்று ஒன்றையொன்று தள்ளும் மோதலில், இங்கிலாந்துக்காரர்களை மொத்தமாகக் கோட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நெரிசலுக்குள் ஆங்கஸ் புக்கானன் பந்தைத் தரையில் அமுக்கினார். செல்லாது என்று இங்கிலாந்து கத்தியது. நடுவர் ஆல்மண்ட் செல்லும் என்றார். சந்தேகம் வந்தால் அதிகம் சத்தம் போடுகிற அணிக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாம், தப்பு அநேகமாக அவர்கள் பக்கம்தான் இருக்கும் என்று பின்னாளில் எழுதினார். பள்ளித் தலைமையாசிரியர் அல்லவா, அனுபவம் பேசியிருக்கிறது.

ஆனால் அந்த அமுக்கலுக்கு அன்று தனி மதிப்பு கிடையாது. அதனால் கிடைத்ததெல்லாம் கோலுக்கு உதைத்து முயன்று பார்க்கும் உரிமை. 'டிரை' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். வில்லியம் கிராஸ் உதைத்தார், பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனது, கோல். அப்புறம் இங்கிலாந்து ஒரு டிரை போட்டது, கிராஸும் ஒரு டிரை போட்டார். இரண்டிலும் உதை தவறியது. கோலாகாமல் போனவை வெறும் 'டிரை' என்று கணக்கில் நின்றன. ஒரு கோலில் ஸ்காட்லாந்து வென்றது. புக்கானனின் சர்வதேச ஆட்டக் கணக்கு அந்த ஒரே நாளோடு முடிந்தது.

பிறகு நிலைமை தலைகீழானது. டிரைக்கு 1890களில் மூன்று புள்ளி, 1971இல் நான்கு, 1992இல் ஐந்து. அதன் பின்வரும் உதைக்கு இன்று இரண்டுதான். நுழைவுச்சீட்டாக இருந்ததே விருந்தாகிவிட்டது, பெயர் மட்டும் பழையது.

ஆகவே 1871க்கு 'முயற்சி' பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது. ரக்பி ஆடும் இலங்கையில் தமிழ்ச் செய்திகள் 'ட்ரை' என்றே எழுதுகின்றன, அதில் தப்பில்லை. தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் 'தொடுகை' சரிவராது. ரக்பியில் 'டச்' என்றால் பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போவது, குழப்பம் வரும். என் தேர்வு 'ஊன்றல்'. கையில் இருக்கும் பந்தை மெல்ல நழுவவிட்டால் டிரை ஆகாது, பிடித்தபடியே தரையில் படவைக்க வேண்டும்; தரையில் கிடக்கும் பந்தென்றால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும் என்பது விதி. விதை ஊன்றுகிறோம், தடி ஊன்றுகிறோம், காலை ஊன்றி நிற்கிறோம். எல்லாவற்றிலும் அந்த அழுத்தம் இருக்கிறது. புக்கானன் ஊன்றினார், கிராஸ் உதைத்தார்.