ஒரே கட்டுரை, இரண்டு கணக்கு

1997-ல் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி, மூன்று சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் புது மருந்து எதுவும் இல்லை. இரண்டாம் கட்ட மனிதச் சோதனை வரை வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை அலசி, விழுங்கும் மருந்து உடம்பில் உறிஞ்சப்பட நான்கு வரம்புகளைச் சொன்னார்கள். மூலக்கூறு எடை 500-க்குள், கொழுப்பை நாடும் தன்மையைக் காட்டும் லாக்-பி 5-க்குள், ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜன் கொடுக்கும் இடங்கள் 5-க்குள், ஏற்கும் இடங்கள் 10-க்குள். இரண்டை மீறினால் உறிஞ்சப்படுவது சிரமம். எல்லாமே ஐந்தின் மடங்கு என்பதால் பெயர் ‘ஐந்தின் விதி’. விதிகள் என்னவோ நான்குதான்.

இந்தக் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள், அதாவது பிற ஆய்வுக் கட்டுரைகள் இதை ஆதாரமாகச் சுட்டிய தடவைகள், பல்லாயிரம். காரணம் எளிது. புது மூலக்கூறு செய்கிற எவரும் இந்த நான்கு எண்களைச் சரிபார்த்து, கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். புரதத்தின் அளவைக் கண்டறிய 1951-ல் ஆலிவர் லௌரி குழு சொன்ன முறைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் கிடைத்ததும் இதே வழியில்தான். கருவியைச் சொல்லும் கட்டுரையை எல்லோரும் எடுத்தாள்வார்கள். ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறு செய்த கட்டுரையை அந்த நோயில் வேலை செய்பவர்கள் மட்டும் தேடுவார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே இதழ் 2001-ல் இந்தக் கட்டுரையை மறுபதிப்பாக வெளியிட்டது. மேற்கோள் தரவுத்தளங்களில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். சிலர் 1997-ஐக் குறிப்பிடுகிறார்கள், சிலர் 2001-ஐ.

இதன் விளைவைப் பார்க்க எச்-இண்டெக்ஸ் தெரிய வேண்டும். ஓர் ஆய்வாளரின் பங்கை ஒரே எண்ணில் சொல்ல 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். எத்தனையாவது கட்டுரை வரை மேற்கோள் அதன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதோ, அந்த எண்தான் எச். 25, 12, 7, 4, 3 என்று இருந்தால் நான்காவது கட்டுரைக்கு 4 இருக்கிறது, ஐந்தாவதற்கு 5 இல்லை. ஆக, எச் 4. முதல் கட்டுரைக்கு 25-க்குப் பதில் 25,000 இருந்தாலும் அதே 4-தான்! லிபின்ஸ்கியின் கட்டுரை இத்தனை ஆயிரம் மேற்கோளோடு எச்-இல் சேர்ப்பது ஒன்றே ஒன்று. மறுபதிப்பு தனியாக எண்ணப்பட்டால் இன்னொன்று. வேலை ஒன்று, கணக்கு இரண்டு.

எண்ணும் இடமும் முக்கியம். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகள், இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்புகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தேர்ந்தெடுத்த வெளியீடுகளோடு நின்றுகொள்ளும். அதனால் எங்கே எடுத்தது என்று சொல்லாத எச்-இண்டெக்ஸை நான் பொருட்படுத்துவதில்லை.

மேற்கோள் எதற்காக என்பதையும் எந்த எண்ணும் சொல்லாது. மஞ்சளில் உள்ள குர்குமின் நிலையற்றது, உடம்பில் சரியாகச் சேர்வதில்லை, மருந்தாக வளர்க்க ஏற்றதல்ல என்று 2017-ல் ஒரு மருந்து வேதியியல் கட்டுரை சொன்னது. அதை ஏற்று எழுதினாலும் மறுத்து எழுதினாலும் அதற்கு ஒரு மேற்கோள்.

மருந்து வேதியியல் துறையில் இன்னொரு சிக்கல். மருந்து நிறுவனத்தில் மூலக்கூறு முதலில் காப்புரிமைக்குப் போகும். கட்டுரை சில வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். ஆகவே இங்கே ஒருவரின் பங்கை எடைபோடக் காப்புரிமைப் பட்டியலையும் புரட்ட வேண்டும்.

சில சமயம் அதுவும் உதவாது. மலேரியா மருந்தான ஆர்டெமிசினின் 1967-ல் தொடங்கிய சீன ராணுவத் திட்டம் ஒன்றில் பிறந்தது. அதன் மூலக்கூறு அமைப்பைச் சொன்ன 1977 கட்டுரையில் தனிநபர் பெயரே கிடையாது, ஆய்வுக்குழு என்று மட்டும் இருந்தது. 2005-ல் ஷாங்காய் கூட்டம் ஒன்றில் லூயி மில்லர் என்ற அமெரிக்க மலேரியா ஆய்வாளர், இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டபோது யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் அவரும் சக ஆய்வாளர் சின்சுவான் சூவும் பழைய ஆய்வு நோட்டுகள், கடிதங்கள், கூட்டக் குறிப்புகளைத் தோண்டி, முதன்மைப் பங்கு சீன ஆய்வாளர் தூ யூயூவுடையது என்று 2011-ல் எழுதினார்கள். தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.