பெற்றோல் பம்பை மாற்ற முன்

கார் ஸ்ராட் ஆகவில்லை என்றதும், தாங்கியிலிருந்து இயந்திரத்துக்குப் பெற்றோலை அனுப்பும் பம்பின் மீது பழியைப் போட்டுவிட்டுப் புதிய பம்புக்குச் சொல்லிவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அதிகரித்து வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும் வரை இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டிய காரணத்தால், வன்னியில் இன்று பழுதுபார்க்க வருபவற்றில் வயதான வாகனங்களே கூட. அவற்றுக்கான பம்ப் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும்; வந்து பூட்டிய பின்னரும் இயந்திரம் உயிர்பெறாவிட்டால், மின்சாரப் பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

ஸ்ராட்டர் சுற்றவே இல்லையென்றால் பம்பைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் பற்றரியின், அதன் முனைகளின் அல்லது ஸ்ராட்டரின் பிரச்சினை. நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காவிட்டால்தான் பெற்றோல் வரவில்லையா, பிளக்கில் தீப்பொறி இல்லையா என்ற கேள்வி எழும். எரிபொருள் முள்ளை முழுதாக நம்பாமல் இரண்டு மூன்று லீற்றர் ஊற்றிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பியதும் பின் ஆசனத்துக்குக் கீழே இரண்டு மூன்று விநாடிகள் மெல்லிய இரைச்சல் கேட்கவேண்டும் என்று சொல்வார்கள். பல கார்களுக்கு அது சரி. ஆனால் ரொயோட்டாவின் பல பழைய மாதிரிகளில் இயந்திரம் சுற்றத் தொடங்கினால்தான் பம்ப் ஓடும் என்பதால், அவற்றில் இந்த மௌனத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒருவர் ஸ்ராட் செய்ய, மற்றவர் பெற்றோல் ஊற்றும் வாயருகே காதை வைத்துக் கேட்பதே நம்பகமானது. அப்போதும் சத்தமில்லை, பிளக்கிலும் பொறியில்லை என்றால், இயந்திரம் சுற்றுவதை அறிவிக்கும் கிராங்க் சென்சரையோ திருட்டுத் தடுப்புப் பூட்டையோ சந்தேகிக்க வேண்டும். இயந்திரம் சுற்றும் செய்தி கிடைக்காதபோது காரின் கணினியே பம்பை நிறுத்திவைக்கும்.

பொறி இருந்து பம்ப் மட்டும் பேசாமலிருந்தால், பியூஸையும், பம்பின் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேக்குப் பதில் அதே இலக்கமுள்ள இன்னொன்றை மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டு, பம்பின் இணைப்பியில் மின்சாரம் வருகிறதா எனச் சோதிக்கலாம். இங்கேதான் மல்ரிமீற்றர் ஏமாற்றும். அரிபட்டு ஒரேயொரு இழையில் தொங்கும் வயரும் மீற்றரில் 12 வோல்ற் காட்டும். பம்புக்குத் தேவையான நாலைந்து அம்பியரை அதனால் கொண்டுவர முடியாது. ஆகவே நான் 55 வோற் ஹெட்லைற் பல்ப் ஒன்றை இணைப்பியில் கொடுத்துப் பார்க்கிறேன். அது இழுக்கும் மின்சாரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெற்றோல் தாங்கியில் பம்ப் இருக்கும் மூடியைத் திறக்க முன்னரே இச்சோதனையை முடித்துவிட வேண்டும், ஏனெனில் பெற்றோல் ஆவிக்கு ஒரு சிறு பொறியே போதும்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இழுத்துவரப்பட்ட ஓர் ஆல்ட்டோவின் டிக்கியில் புதிய பம்ப் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. இணைப்பியில் கொடுத்த பல்ப் மங்கலாகச் சிவந்து நின்றது. பல்பின் எதிர்முனையை (எர்த்தை) மட்டும் நேரடியாகப் பற்றரியிலிருந்து எடுத்தபோது வெள்ளையாக எரிந்தது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரைப் பிடித்திருந்த ஆணியைச் சுற்றிப் பச்சைத் தூள் பூத்திருந்தது. உப்புத்தாளால் உரஞ்சி, இறுக்கி, கிறீஸ் பூசியதும் பழைய பம்பே வேலை செய்தது. நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலில் காரை நிறுத்துபவர்களுக்கு எலி கடித்த வயரும் இதே விளையாட்டைக் காட்டும்.

பல்ப் நன்றாக எரிந்தும் பம்ப் ஓடாவிட்டால், ஸ்ராட் செய்தபடி தாங்கியின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். உடனே பிடித்துக்கொண்டால் மோட்டரின் பிரஷ் (மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்துவிட்டது. வீடுவரை போகலாம், அதற்கு மேல் நம்பக்கூடாது. ஓடும் சத்தம் கேட்டும் ஸ்ராட் ஆகாவிட்டால் அழுத்தமானி தேவை. இன்ஜெக்ரர் (பெற்றோலை விசிறும் முனை) உள்ள சாதாரண யப்பானியக் கார்களில் அழுத்தம் 3 பார் (bar) அளவில் நிற்கவேண்டும். குறைந்தால் சல்லடை அடைத்திருக்கலாம், உள்குழாய் வெடித்திருக்கலாம், பெற்றோலில் தண்ணீரும் இருக்கலாம். 2022 தட்டுப்பாட்டில் கான்களில் சேமித்துப் பழகியவர்கள் இன்னும் அப்படியே செய்வதால் கடைசிக் காரணத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய்க் கலப்பின் மணத்தைப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊருக்கு யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. ஆனால் அன்றைய காபரேற்றர் பொறுத்ததை இன்றைய இன்ஜெக்ரர் பொறுக்காது.

தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிராக்குவது பெற்றோலே என்பதால், மஞ்சள் விளக்கு எரிய எரிய மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை போய்ப் பழகியவர்களின் பம்ப் சீக்கிரம் சாகும். காற்பங்காவது வைத்திருங்கள்.

ஸ்ராட் ஆகாத இயந்திரத்தின் காற்று வழியில் பெற்றோல் ஊற்றுவதையும், குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதையும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்; முதலாவது தீயில் முடியும், இரண்டாவது நுரையீரலைக் கெடுக்கும். பம்பை மாற்றியே ஆகவேண்டுமென்றால் திறந்த வெளியில், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு மாற்றச் சொல்லுங்கள். அடுத்த நாளும் காருக்குள் பெற்றோல் மணம் இருந்தால், பிள்ளைகளை ஏற்றாமல், ஸ்ராட் செய்யாமல், திருத்தியவரையே வீட்டுக்கு அழையுங்கள்.